பணி ஓய்வுக்குப் பிறகு மீண்டும் நிலக்காட்சி வரைதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளமையில் ஆசையாக வரைந்து, பிறகு வேலை, குடும்பம் என்று விட்டுவிட்டு, ஓய்வு பெற்றபின் மறுபடியும் பென்சிலைக் கையில் எடுத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியவை முன்னாலும் சிக்கலானவை பின்னாலுமாக இங்கே தொகுத்திருக்கிறேன்.

பள்ளியில் படிக்கும்போது நன்றாக வரைவேன். அதன்பிறகு தொடவே இல்லை. இந்த வயதில் மறுபடி வருமா?

வரும். கையின் பழக்கம் சில வாரங்களில் திரும்பிவிடும். திரும்பத் தாமதமாவது பார்க்கும் பழக்கம்தான். ஒரு மரத்தைப் பார்த்ததும் "மரம்" என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. கை அந்த முடிவை வரைகிறது, எதிரே நிற்கும் மரத்தை வரைவதில்லை. எல்லா மரங்களும் ஒரே குடை வடிவில் வந்துவிடுவது இதனால்தான். தொடக்கத்தில், தாளைப் பார்க்கும் நேரத்தைவிடக் காட்சியைப் பார்க்கும் நேரம் அதிகமாக இருக்கட்டும்.

பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதை முதல் சில மாதங்களுக்குத் தவிர்ப்பது நல்லது. அன்று வரைந்தவற்றில் நன்றாக வந்தவை மட்டுமே பாதுகாக்கப்பட்டிருக்கும்; இன்று வரைபவையோ நல்லதும் கெட்டதுமாகக் கண்முன் கிடக்கும். அந்த ஒப்பீடு நியாயமானதன்று.

முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

மிகக் குறைவாக வாங்குங்கள். ஒரு 2பி பென்சில், ஒரு 4பி பென்சில், பிசைந்து வடிவம் மாற்றக்கூடிய மென்மையான அழிப்பான், கையில் அடங்கும் அளவுள்ள கெட்டி அட்டை போட்ட ஸ்கெட்ச் புத்தகம் ஆகியவை முதல் மாதத்துக்குப் போதும். வண்ணத்துக்கு வரும்போது ஆறு வண்ணங்கள் போதுமானவை: அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம், எலுமிச்சை மஞ்சள், யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), நீலம் தொட்ட குளிர்ந்த சாயலுள்ள ஒரு சிவப்பு. தூரிகைகளில் நுனி நன்றாகக் கூடும் பருமனான வட்டத் தூரிகை ஒன்றும் தட்டைத் தூரிகை ஒன்றும் இருந்தால் வேலை நடக்கும்.

ஓய்வூதியத்தின் முதல் தவணையில் நாற்பத்தெட்டு வண்ணப் பெட்டியும் மடக்கு ஈசலும் (படத்தைத் தாங்கும் சட்டம்) வாங்கிவிட்டு, அவற்றைத் தூக்கிக்கொண்டு வெளியே போகவே சலித்துப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓய்வு தரும் பெரிய வசதி நேரம். அதைப் பொருள் வாங்குவதில் செலவிட வேண்டியதில்லை.

நீர்வண்ணம், அக்ரிலிக், எண்ணெய் வண்ணம் ஆகியவற்றில் எது எனக்குச் சரி?

வெளியே போய் வரைய விரும்புகிறவருக்கு நீர்வண்ணமே என் பரிந்துரை. சுமை குறைவு, நாற்றம் இல்லை, வீட்டுக்கு வந்தபின் கழுவும் வேலையும் இல்லை. அது கடினம் என்ற பேச்சில் உண்மை உண்டு: வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான், ஆகவே எந்த இடத்தை விடப்போகிறோம் என்று முன்கூட்டியே எண்ண வேண்டும். மேலும், நீர்வண்ணம் காய்ந்தபின் வெளிறும். ஈரமாக இருக்கும்போது சற்றே அதிகம் என்று தோன்றும் அடர்த்திதான் காய்ந்தபின் சரியாக இருக்கும். அக்ரிலிக் இதற்கு நேர்மாறாகக் காய்ந்தபின் கறுக்கும். ஆனால் அதில் தவறானதன்மேல் மறுபடி தீட்டிவிடலாம்.

எண்ணெய் வண்ணத்தை எடுத்து வெளியே போவது எளிதானதே பிற்காலத்தில்தான். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கு குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் பன்றியின் சிறுநீர்ப்பையில் வண்ணத்தைக் கட்டி எடுத்துச் சென்றார்கள். எண்ணெய் வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஆளி விதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அத்துணியை விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் மூழ்கடித்து மூடி வைக்க வேண்டும்.

வண்ணம் பட்டதும் காகிதம் அலையலையாக வளைந்துகொள்கிறது. என்ன செய்வது?

காகிதம் மெல்லியது என்று பொருள். அலுவலகங்களில் பயன்படும் தாள் 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனம், நீர்வண்ணத்துக்கு 300 ஜி.எஸ்.எம். வேண்டும். மெல்லிய நீர்வண்ணத் தாள்தான் கையில் இருக்கிறது என்றால், அதைத் தண்ணீரில் நனைத்து, பலகையில் நான்கு பக்கமும் பசை நாடா ஒட்டி, காயவிட்டபின் தீட்டலாம். வளைந்துபோன படத்தின் பின்புறத்தை இலேசாக ஈரப்படுத்தி, இரண்டு சுத்தமான தாள்களுக்கு இடையில் வைத்து, மேலே பாரமான புத்தகங்களை ஓரிரவு அடுக்கி வையுங்கள், பெரும்பாலும் நேராகிவிடும். செலவைக் குறைக்க எண்ணினால் வண்ணத்தில் குறைக்கலாம், தாளில் குறைக்கக் கூடாது என்பது என் கருத்து.

எதிரே எல்லாமே அழகாக இருக்கிறது. எதை வரைவது, எதை விடுவது?

ஒரு கெட்டி அட்டையில் உங்கள் தாளின் விகிதத்திலேயே சிறிய செவ்வகத் துளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அட்டையைக் கண்ணருகே கொண்டுவந்தும் தள்ளிப் பிடித்தும் பாருங்கள். எதன்பொருட்டு அங்கே நின்றீர்களோ அது துளைக்குள் நிற்கிறது என்று தெரிந்ததும் மற்றதை விட்டுவிடலாம். அதன்பின் தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு சிறு படங்களை, ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடங்களில், கிறுக்கிப் பாருங்கள். அந்த அளவில் சரியாக நிற்காத அமைப்பு பெரிய தாளிலும் நிற்காது.

பெர்ஸ்பெக்டிவ் (தூரத்தையும் ஆழத்தையும் தாளில் காட்டும் முறை) விதிகளை எல்லாம் படித்தாக வேண்டுமா?

நிலக்காட்சிக்கு ஒரு விதி தெரிந்தால் பாதி தெரிந்ததுபோல: அடிவானக் கோடு எப்போதும் உங்கள் கண் மட்டத்தில் இருக்கும். சமதளத்தில் நீங்கள் நின்றுகொண்டு பார்த்தால், உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்களும், அவர்கள் பக்கத்தில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், அந்தக் கோட்டின்மேலேயே அமையும். நீங்கள் சிறிய முக்காலியில் உட்கார்ந்ததும் அதே கோடு அவர்களுடைய மார்பளவுக்கு இறங்கிவிடும். நின்றுகொண்டு தொடங்கிய படத்தைக் கால் வலித்து உட்கார்ந்தபின் தொடர்ந்தால் எல்லாம் கோணலாவது இதனால்தான். உட்காரப் போகிறீர்கள் என்றால் முதல் கோட்டிலிருந்தே உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அளவெடுப்பதற்கு, முழங்கையை மடக்காமல் கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, அதன் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் ஒரு பொருளின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, அதை மற்றவற்றுடன் ஒப்பிடுங்கள். கை ஒவ்வொரு முறையும் முழுமையாக நீண்டிருக்க வேண்டும். வானத்துக்கும் இதே விதிகள் உண்டு: தலைக்கு மேலுள்ள மேகங்கள் பெரியவையாகவும், அடிவானத்தை நெருங்க நெருங்கச் சிறுத்துத் தட்டையாகவும் தெரியும்.

வரைந்து முடிப்பதற்குள் வெயில் நகர்ந்து, நிழல் எல்லாம் இடம் மாறிவிடுகிறது. எப்படிச் சமாளிப்பது?

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது; ஆகவே இரண்டு மணி நேரத்தில் காட்சி வேறாகிவிடுவது இயல்பே. அமர்ந்த முதல் பத்து நிமிடங்களுக்குள் நிழல்களின் எல்லையைப் பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு எதிரே என்ன மாறினாலும் அந்தக் குறிப்பை மாற்றாதீர்கள். நகர்ந்த நிழலைத் துரத்திக்கொண்டே போனால், ஒரு மரத்துக்குக் காலை நிழலும் அடுத்ததற்கு நண்பகல் நிழலுமாகப் படம் முடியும்.

இன்னொரு வழி, ஒரே நேரத்தில் மறுநாளும் வருவது. பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே 1890–91இல் வைக்கோற்போர்களை வரைந்தபோது பல ஓவியத் திரைகளை (கான்வாஸ்) உடன் வைத்துக்கொண்டு, ஒளி மாறியதும் அந்த ஒளிக்குரிய திரைக்கு மாறினார். அவருக்கு அது தொழில். வேலைக்குப் போகிற ஒருவரால் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதே இடத்துக்குத் திரும்ப முடியாது, உங்களால் முடியும்.

பென்சிலில் நன்றாக இருந்த படம் வண்ணம் கொடுத்ததும் தட்டையாகிவிடுகிறது. ஏன்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நிறத்தைத் தேடும் மும்முரத்தில் இருளும் வெளிச்சமும் கைவிட்டுப் போகின்றன. புல்லுக்குச் சரியான பச்சை, கூரைக்குச் சரியான சிவப்பு, வானத்துக்குச் சரியான நீலம் என்று தேடிப் பிடித்துத் தீட்டியிருப்பீர்கள். ஆனால் அவை அனைத்தும் ஒரே நடுத்தர அடர்த்தியில் இருக்கும். படத்தை அலைபேசியில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நோய் இன்னதென்று புரிந்துவிடும்.

மருந்து, கண்களைப் பாதி மூடிக்கொண்டு காட்சியைப் பார்ப்பது. இலைகளும் கற்களும் மறைந்து, பெரிய ஒளித் திட்டுகளும் பெரிய இருள் திட்டுகளும் மட்டும் மிஞ்சும். அவற்றை வெளிச்சம், நடுத்தரம், இருள் என்று மூன்றே அளவுகளில், முன்னர்ச் சொன்ன தீப்பெட்டி அளவுப் படத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். வண்ணம் தீட்டும்போது அந்தச் சிறு படத்தையே மேலதிகாரியாகக் கொள்ள வேண்டும். சிறிது காலத்துக்கு ஒரே வண்ணத்தில், எடுத்துக்காட்டாகப் பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும் கலந்த கருஞ்சாம்பலில் மட்டும் தீட்டிப் பழகுவது, வகுப்புகளில் பலரும் சலிப்பாகக் கருதும் பயிற்சி. பலன் தருவதில் அதற்கு ஈடாக வேறொன்றை நான் அறியேன்.

இருளுக்கு அஞ்சுவது மீண்டும் தொடங்குபவர்களிடம் பொதுவாகக் காணப்படும் குணம். கெட்டுவிடுமோ என்ற எண்ணத்தில் வண்ணத்தை நீர்த்து நீர்த்துத் தீட்டுகிறார்கள். நீர்வண்ணம் காய்ந்தபின் வெளிறும் என்று மேலே சொன்னதை இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

மரங்களின் பச்சை பிளாஸ்டிக் போல வருகிறது. எந்தப் பச்சை வாங்கலாம்?

எதையும் வாங்க வேண்டாம். குழாயில் வரும் பச்சை ஒரே சாயலில் இருப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. மனிதக் கண் பகலொளியில் மிகக் கூர்மையாக உணர்வது சுமார் 555 நானோமீட்டர் அலைநீளத்தை, அதாவது மஞ்சள் கலந்த பச்சையை. பச்சையில் நேரும் பொய் உடனே புலப்படுவதில் வியப்பில்லை.

முதலில் ஒரே ஒரு கிளையை அருகில் போய்ப் பாருங்கள். உங்களுக்கும் கதிரவனுக்கும் இடையில் உள்ள இலையில் ஒளி ஊடுருவி வருவதால் அது மஞ்சட்பச்சையாகச் சுடர்விடும். அதே கிளையில் மேல்நோக்கிப் படுத்திருக்கும் இலையின் பளபளப்பான பரப்பு வானத்தைப் பிரதிபலிப்பதால் நீலச் சாம்பலாக, சில நேரங்களில் ஏறத்தாழ வெள்ளையாகத் தெரியும். உட்புறத்தில் இருப்பவை பழுப்பும் ஊதாவும் கலந்த இருளாக இருக்கும். மரம் முழுவதிலும் நாம் எண்ணிக்கொண்டிருந்த "இலைப் பச்சை" மிகக் குறைவாகவே இருக்கும்.

கலவைக்கு, எலுமிச்சை மஞ்சளும் தாலோ நீலமும் சேர்ந்தால் துலக்கமான இளம்பச்சை; யெல்லோ ஓக்கரும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் அடங்கிய முதிர்ந்த பச்சை. இவற்றில் எதிலும் ஒரு துளி பர்ன்ட் சியன்னா சேர்த்தால் பிளாஸ்டிக் தன்மை போய்விடும். மஞ்சளுடன் சிறிது கறுப்பு சேர்த்தாலும் நல்ல ஆலிவ் பச்சை கிடைக்கும், நம்புவதற்குக் கடினமாக இருந்தாலும். வண்ணங்களைத் தட்டில் முழுமையாகக் குழைக்காமல், பாதிக் கலவையாகத் தாளில் வைத்து, அங்கேயே கலக்கவிடுங்கள். இலைகளுக்கிடையே வானம் தெரியும் சிறு இடைவெளிகளைத் திறந்த வானத்தைவிடச் சற்று அடர்த்தியாகத் தீட்டுங்கள். இல்லையேல் மரத்தில் ஓட்டை போட்டதுபோல் தெரியும்.

தூரத்து மலை முன்னால் வந்து நிற்கிறது. அதைப் பின்னால் தள்ளுவது எப்படி?

இடையிலுள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால், தொலைவில் உள்ள இருண்ட பொருள்கள் வெளிறி, நீலம் ஏறி, விளிம்பு மங்கித் தெரிகின்றன. லியனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் விரிவாக எழுதிய செய்தி இது. ஆகவே மலையில் தெரியும் மரங்களை எண்ணி வரையாதீர்கள். நீர்த்த அல்ட்ராமரினில் துளி சியன்னா கலந்து ஒரே வீச்சில் தீட்டி விட்டுவிடுங்கள். அடர்ந்த இருளையும் கூர்மையான விளிம்பையும் முன்புறத்துக்கென்று சேமித்து வையுங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காற்று தெளிந்து, மலை உண்மையிலேயே முன்னால் வந்து நிற்பதும் உண்டு. அன்று அப்படியே வரைவதா, சிறிது தள்ளி வைப்பதா என்பது உங்கள் உரிமை.

தண்ணீரில் விழும் பிரதிபலிப்புக்கும் நிழலுக்கும் வேறுபாடு தெரியாமல் குழம்புகிறேன்.

நிழல் கதிரவன் இருக்கும் திசையைப் பொறுத்தது. பிரதிபலிப்பு உங்கள் கண்ணைப் பொறுத்தது. பிரதிபலிப்பு எப்போதும் பொருளுக்கு நேர் கீழே, உங்களை நோக்கியே விழும். மேட்டில் நின்று பார்த்தாலும் அது கீழிருந்து நோக்கிய காட்சியைக் காட்டும். பாலத்தின் அடிப்பகுதி பாலத்தில் தெரியாவிட்டாலும் தண்ணீரில் தெரிவது அதனால்தான். ஆகவே மேலே உள்ளதைத் தலைகீழாகப் படியெடுக்கக் கூடாது. பொதுவாக, வெளிச்சமானவை தண்ணீரில் சற்றுக் கறுத்தும், இருண்டவை சற்று வெளிறியும் தெரியும். தெளிந்த நீரில் நிழல் பெரும்பாலும் பரப்பில் புலப்படாது. கலங்கிய நீரில் தெளிவாகப் படியும்.

கை நடுங்குகிறது, விரல் மூட்டுகளிலும் வலி. கோடு நேராக வருவதில்லை.

நிலக்காட்சியில் நேர்கோடு மிகக் குறைவு என்பது ஆறுதலான செய்தி. பென்சிலை எழுதுவதுபோல் நுனியில் பிடிக்காமல், பின்புறமாகத் தளர்த்திப் பிடித்து, தோளிலிருந்து கையை அசைத்தால் நடுக்கம் கோட்டில் குறைவாகவே இறங்கும். கைப்பிடியில் பஞ்சுக் குழாயைச் செருகித் தடிமனாக்கினால் விரல்களுக்கு இதமாக இருக்கும். தாளைப் பெரிதாக்குங்கள், சிறிய தாளில்தான் சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரியும். புதிதாக நடுக்கம் தோன்றியிருந்தால் முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கிராண்ட்மா மோசஸ் என்று அறியப்பட்ட அமெரிக்கரான ஆன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் (1860–1961), மூட்டு வலியால் பூத்தையல் வேலை கடினமானபோது, தம் எழுபதுகளின் பிற்பகுதியில் ஓவியத்துக்கு மாறினார். ஊசியைவிடத் தூரிகையைப் பிடிப்பது அவருக்கு எளிதாக இருந்தது.

கண்ணாடி போட்டால் தாள் தெரிகிறது, காட்சி தெரியவில்லை. கழற்றினால் காட்சி மட்டும் தெரிகிறது.

படிப்பதற்கான கண்ணாடியை மட்டும் போட்டுக்கொண்டு போவதால் வரும் தொல்லை இது. மேற்பகுதியில் தூரமும் கீழ்ப்பகுதியில் கிட்டமும் தெரியும் கண்ணாடி நிலக்காட்சிக்குப் பொருத்தமானது, தாளை மடியில் தாழ்த்தி வைத்துக்கொண்டால். ஈசலில் நிமிர்த்தி வைத்தால் தாள் இடைத்தூரத்துக்குப் போய்விடும். அந்தத் தூரத்தை அளந்து கண் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சாயமேற்றிய குளிர்க்கண்ணாடியைத் தீட்டும் நேரத்தில் கழற்றிவிட வேண்டும். அது எல்லா வண்ணங்களையும் மாற்றிக் காட்டும். போலராய்டு வகையாக இருந்தால் தண்ணீரின் பிரதிபலிப்பையே பெருமளவு அழித்துவிடும். கண் கூசாமலிருக்க விளிம்புள்ள தொப்பி அணிந்து, தாள் நிழலில் இருக்கும்படி அமருங்கள். நேர் வெயில் பட்ட வெள்ளைத் தாளில் தீட்டிய படம் வீட்டுக்குள் வந்ததும் இருண்டு தெரியும்.

வெளியே அதிக நேரம் உட்கார முடியவில்லை. புகைப்படத்தைப் பார்த்து வரையலாமா?

வரையலாம், ஆனால் புகைப்படத்தை மட்டும் நம்பி வரையாதீர்கள். அலைபேசியின் அகலப் பார்வை லென்ஸ் தூரத்து மலையைச் சிறிதாக்கி, முன்புறத்தை இழுத்து நீட்டிவிடும். கண்ணுக்கு வண்ணமாகத் தெரியும் நிழல், படத்தில் கறுப்பாக அடைத்துப் போகும். இருபது நிமிடங்கள் அங்கே அமர்ந்து இருள்-வெளிச்சக் குறிப்பையும், நிறங்களைப் பற்றி ஓரத்தில் சில சொற்களையும் எழுதிக்கொண்டு வந்து, புகைப்படத்தை உருவங்களுக்கு மட்டும் துணையாகக் கொண்டு வீட்டில் முடிப்பதே சிறந்த வழி. பிறர் எடுத்த புகைப்படம் என்றால், பயிற்சிக்கு மேல் காட்சிக்கோ விற்பனைக்கோ வைக்கும் முன் அனுமதி பெற வேண்டும்.

வரையும்போது ஆட்கள் வந்து எட்டிப் பார்க்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது.

முதுகுக்குப் பின்னால் ஒரு சுவரோ மரமோ இருக்கும்படி அமர்ந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். எஞ்சியவர்கள் ஒரு நிமிடத்தில் போய்விடுவார்கள்.

ஒரே இடத்தையே திரும்பத் திரும்ப வரைகிறேன். வீட்டில், "வேறு இடமே கிடைக்கவில்லையா?" என்கிறார்கள்.

நான் கொடுக்கக்கூடிய அறிவுரைகளிலேயே முதலாவதை நீங்கள் கேட்காமலேயே செய்துகொண்டிருக்கிறீர்கள். புதிய இடத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதன் உருவங்களைப் புரிந்துகொள்வதிலேயே நேரம் கழிந்துவிடும். பழகிய இடத்தில் அந்த வேலை முடிந்துவிட்டதால், அன்றைய ஒளி, அன்றைய காற்று, அன்றைய பச்சை என்று மாறுகின்றவை மட்டும் கவனத்துக்கு வரும். பிரெஞ்சு ஓவியர் செசான் செயின்ட் விக்டுவார் என்ற ஒரே மலையை எண்ணெய் வண்ணத்திலும் நீர்வண்ணத்திலும் பல ஆண்டுகள் வரைந்தார். 1906இல் அவர் இறக்கும்வரை அம்மலை அவருக்குத் தீரவில்லை. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் ஃபூஜி மலையைக் காட்டும் படங்களின் தொடரை வெளியிட்டபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

பலன் தெரிய வேண்டுமானால் படங்களைச் சேர்த்து வைத்து ஒன்றாகப் பரப்பிப் பாருங்கள். ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் மேகங்களை மட்டும் வரைந்த படங்களின் பின்புறம் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். அந்தப் பழக்கம் எவருக்கும் ஆகும்.

சுவரில் மாட்டிய படத்தில் சிவப்பு மறைந்துகொண்டே வருகிறது. காகிதத்தின் குற்றமா?

வண்ணத்தின் குற்றம். சில நிறமிகள் ஒளி பட்டால் வெளிறிவிடும். பழைய முறை அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்பு இதில் பெயர்போனது. தரமான குழாய்களில் ஒளி தாங்கும் தன்மை குறிக்கப்பட்டிருக்கும், ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் அளவில் 1, 2 என்று இருப்பவற்றை வாங்குங்கள். சிவப்புக்குக் குவினாக்ரிடோன் வகை நம்பகமானது. ஐயமிருந்தால், எல்லா வண்ணங்களையும் ஒரு தாளில் கீற்றுகளாகத் தீட்டி, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் சில மாதங்கள் ஒட்டி வையுங்கள். மூடியதையும் மூடாததையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். நீர்வண்ணப் படத்தை நேர் வெயில் படாத சுவரில், கண்ணாடி தாளைத் தொடாதபடி இடையில் அமிலமற்ற அட்டை வைத்து மாட்ட வேண்டும்.

கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் பழைய படங்கள் எல்லாம் வேறு நிறமாகத் தெரிகின்றன. திருத்தித் தீட்டலாமா?

வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளித்து, நீல ஒளியைத் தடுக்கிறது. அதை அகற்றியதும் உலகமே நீலமாகத் தோன்றுவதாகப் பலர் சொல்வது இதனால்தான். சில வாரங்களில் மூளை பழகிக்கொள்ளும். மோனேவுக்கு 1912இல் கண்புரை இருப்பது கண்டறியப்பட்டது. 1923இல் வலக்கண்ணில் அறுவை நடந்தபின் வண்ணங்களைப் பார்ப்பதில் அவர் பெரிதும் அவதிப்பட்டார்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். அன்று காட்சியையும் படத்தையும் நீங்கள் ஒரே மஞ்சள் வில்லை வழியாகவே பார்த்தீர்கள். ஆகவே காட்சிக்குப் பொருந்தும்படி கலந்த வண்ணம், நீங்கள் அஞ்சுகிற அளவுக்குப் பிசகியிருக்க வாய்ப்பில்லை. பிசகு பெரும்பாலும் கருநீலம், கரும்பச்சை, கறுப்பு ஆகிய இருண்ட இடங்களில் இருக்கும். அவற்றைப் பிரித்தறிவதுதான் கண்புரை உள்ளவருக்குக் கடினம். அறுவை முடிந்த உடனே எந்தப் படத்தையும் தொடாதீர்கள். பார்வை நிலைபெற்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னபின், பழைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு அது வரையப்பட்ட இடத்துக்கே, அதே நேரத்தில் போய் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் பிசகு தெரிந்தால், பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதிய தாளில் வரையுங்கள். அறுவை நடந்த நாளைப் பழைய படங்களின் பின்புறம் குறித்துக்கொண்டால், பின்னால் ஒப்பிடும்போது குழப்பம் வராது.